மாஸ்ரருக்குக் கொடுக்காத இரத்தம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இருபத்தெட்டு வயதில் சொந்த லொறி வைத்திருந்தேன். அச்சுவேலிச் சந்தை வெங்காயத்தை நசியாமல் கொழும்பில் கொண்டுபோய் இறக்க என்னைப்போல ஆளில்லை. இது நான் சொல்வதல்ல, வியாபாரிகள் சொன்னது.

மூட்டை இறக்கியதும் அரைப் போத்தல் சாராயம். வெறி ஏறினால் எனக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. குடிக்காமல் எட்டியும் பார்க்காத விலைமாதர் வீடுகளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கிறேன். எயிட்ஸ் என்ற சொல் அப்போதுதான் பேப்பரில் வரத் தொடங்கியிருந்தது. கூட வந்த டிரைவர் சிரித்தான்.

"அண்ணை, காயத்துக்கு ஸ்பிரிட் பூசினால் கிருமி சாகுதெல்லோ? நாங்கள் உள்ளுக்கையே ஊத்திறம். எங்களை எது அண்டும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

என் மனைவியின் தமையன் பள்ளிக்கூட மாஸ்ரர். படிப்பில்லாதவன் என்று எங்கள் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தவர். அவருக்கு வயிற்றில் ஒப்பரேசன், இரத்தம் வேண்டும் என்றார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

"இனி மாஸ்ரரின்ரை உடம்பிலை என்ரை ரத்தமெல்லோ ஓடப்போகுது!"

"வாயை வைச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள் மனைவி. அவளும் கொடுக்கத்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை, கேள்வி கேட்டார்.

"ஐயா, குடிச்சிட்டு வேறை பொம்பிளையளிட்டைப் போனதுண்டோ? மறைச்சால் நோயாளிக்குத்தான் ஆபத்து."

மனைவி பக்கத்தில் நின்றாள். 'இல்லை' நாக்கு நுனியில் இருந்தது. மாஸ்ரர் உள்ளே படுத்திருந்தார்.

"ஓம்," என்றேன். "ஆனால் டொக்டர், சாராயம் கிருமியைச் சாகடிச்சுப்போடும்தானே?"

"கிருமி சாகாது ஐயா. உங்கடை புத்திதான் முதல்லை சாகும்."

பிறகு அவர், ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, அப்ப நீங்களும் குடுக்கேலாது."

"நான் என்ன செய்தனான்?"

டொக்டர் என்னைக் கண்ணால் காட்டினார். நான் மடித்துவிட்ட வெள்ளைச் சேட்டின் கையை இறக்கிவிட்டேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் வந்த இரண்டு கம்பஸ் மாணவர்கள் இரத்தம் கொடுத்தார்கள். மாஸ்ரர் பிழைத்தார். எங்கள் இருவரின் இரத்தத்தையும் உடனே ஒருமுறை, மூன்று மாதம் விட்டு இன்னொருமுறை எடுத்து எயிட்ஸ் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதுவரை மனைவி சோறு போட்டாள், பேசவில்லை. நான் போத்தலைத் தொடவில்லை. குடியில்லாமல் கொழும்பில் நின்றபோதுதான் தெரிந்தது, அந்த வீடுகள் பக்கம் என் கால் தானாகப் போகாது என்று.

கடைசிக் கடிதம் இங்கிலீசில் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர் மாஸ்ரர் ஒருவர்தான். கண்ணாடியைத் துடைத்து, போட்டு, அவசரமில்லாமல் ஆறுதலாக இரண்டுதரம் வாசித்தார். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இரண்டு பேருக்கும் ஒண்டுமில்லை."

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்ரர் கடிதத்தை மடித்தார்.

"அண்டைக்கு நீர் பொய் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்டும் வந்திராது. ஆனால் நீர் சொல்லேல்லை."

அவர் வாயால் வந்த ஒரே சேர்ட்டிபிக்கட் அது. அதை நான் சொல்லாத ஆளில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அடுத்தமுறை நானும் லொறியிலை வாறன்."

வந்தாள், லொறி ஓட்டிய எனக்குப் பக்கத்தில், முன் சீற்றில். ஸ்பிரிட் கதை சொன்ன டிரைவர் கொழும்பு வரைக்கும் பின்னால் வெங்காய மூட்டைமேல் குந்தியிருந்து வந்தான்.