பச்சைப் பீப்பாய்க்குள் ஒரு வீடு

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நாங்கள் அப்போது நானுஓயா ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை, வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. மகளுக்கு மூன்று வயது கூட நிறையவில்லை.

நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், நாலு பாய் விரிக்கிற அளவுக்கு எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. போஞ்சி, கீரை, ஓரத்தில் ஒரு பூசணிக்கொடி. சரிவான இடம், மண்ணில் சத்துத் தங்காது. அதனால் காய்கறித் தோல், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை, பக்கத்து வீட்டு மாட்டுச் சாணி எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து மக்க வைப்பேன். அது பாதி மக்கி வருகிற நேரம் பார்த்து மழை வந்து, மொத்தத்தையும் கீழ் லயத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்ப்பாள். நான் விளக்குமாறும் கையுமாக இறங்கிப் போவேன்.

குப்பையை அடைத்து வைக்க ஏதாவது வேண்டும், அதுவும் மலிவாக. ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். ஒரு மழைக்குக் கூட அது தாங்கவில்லை. பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து போனது. கம்பி வலையை வளைத்துக் கட்டினோம். நாய்கள் அதைச் சாய்த்து விட்டுப் போயின. கடைசியில், ஹட்டனில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பழைய பீப்பாய்கள் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

முஸ்லிம் கடைக்காரர்களை அங்கே நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானாவின் கடைக்குப் பின்னால் பீப்பாய்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்ணெய்ப் பீப்பாய்கள் அடியில் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தன. தார்ப் பீப்பாயை வீட்டுக்காரர் அசைத்துப் பார்த்தார்.

"இது வேணாம் புள்ள. தூக்கவே ரெண்டு ஆள் வேணும்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண் மூலையில் நின்ற ஒரு சின்னப் பீப்பாய் மேல் விழுந்திருந்தது. இடுப்பு உயரம்தான் இருக்கும். பிஞ்சுப் போஞ்சி நிறத்தில் பச்சைப் பெயின்ட், இரண்டு பக்கமும் கைப்பிடி, அளவாக ஒரு மூடி. கிட்டப் போனால் லேசாக ஓர் இனிப்பு வாசம் கூட வந்தது.

"இந்தாங்க, அந்தப் பச்சைய பாருங்களேன்."

"அது நேத்துதான் வந்திச்சு தங்கச்சி" என்றார் நானா. "பெயின்ட் அடிச்சேதான் வந்திச்சு. குப்பை போடத்தானே? உங்க காலத்துக்கும் கெடக்கும்."

அதையே வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். ரயில் தாமதம். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, முதலில் தண்டவாளத்தை மூடியது, பிறகு எதிர்ப்பக்கத்து மரங்களை மூடியது. எங்களுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாரல் அடிக்கத் தொடங்கியது. மகள் நனையக்கூடாது என்று வீட்டுக்காரர் பீப்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் படுக்க வைத்து, உள்ளே, கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, ஏ வூடு!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் பீப்பாய்க்குள் உருண்டு பெரிதாகித் திரும்பி வந்தது. உடனே ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். அந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பனிக்குள் மிதந்தது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தேன். பாதிக் கண் மூடியிருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று மக்கிய மண்ணில் என் கை முழங்கை வரை புதைவது போலவும், பூசணிக்கொடி லயத்துக் கூரை மேல் ஏறிப் போவது போலவும் தோன்றியது. நானே அந்தக் கொடியில் ஓர் இலையாக ஆடிக்கொண்டிருந்தேன்.

"எப்பா! எப்பா!"

திடுக்கிட்டு எழுந்தேன். அடுத்த பெஞ்சில் காலிக் காய்கறிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண், வேண்டாம் வேண்டாம் என்று தன் மொழியில் கத்திக்கொண்டே ஓடி வந்து, பீப்பாய்க்குள் கையை விட்டு என் மகளை இழுத்து எடுத்தாள். என் வயதுதான் அவளுக்கும் இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினாள்.

அது தமிழ், சிங்களம் என்று எங்கும் பேச்சுச் சூடாக இருந்த காலம். தெரியாத ஆட்களைக் கண்டால் இரண்டு பக்கமும் ஒதுங்கித்தான் உட்காருவோம். வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தார்.

"ஏய், என்னா பண்றே? புள்ளய விடு!"

அவள் விடவில்லை. ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு மறு கையால் அதன் விரல்களைத் தண்ணீரில் தேய்த்தாள். தன் உடுப்பின் முனையை நனைத்து அதன் நாக்கைத் துடைத்தாள். மகள் வீறிட்டு அழுதாள். அப்போதுதான் நான் பார்த்தேன். மகளின் விரல் இடுக்குகளில், முழங்காலில், கன்னத்தில் எல்லாம் வெள்ளையாக ஏதோ பொடி.

"வஹ" என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்க.

வீட்டுக்காரரின் கை தானாகத் தளர்ந்தது. அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "வெஷம்ங்குறா" என்றார். அவர் குரலே மாறிப் போயிருந்தது.

அவள் பீப்பாய்க்கு அருகே போய், மடியிலிருந்த சாவியால் பச்சைப் பெயின்டைச் சுரண்டினாள். அடியிலிருந்து சிவப்பாக ஒரு மண்டையோடு எட்டிப் பார்த்தது.

"எங்க மாடு இப்பிடி பீப்பால தண்ணி குடிச்சது. செத்தது" என்று உடைந்த தமிழில் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வாயில போட்டதா, நங்கி?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரியவில்லை.

ஊருக்குள் இருந்த ஒரு டிஸ்பென்சரிக்கு ஓடினோம். அவளும் கூடவே ஓடி வந்தாள். டாக்டர் வீட்டோடு சேர்ந்த இடம் என்பதால் ஞாயிறும் ஆள் இருந்தது. டாக்டர் எதையோ கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். உடம்பெல்லாம் கழுவச் சொன்னார். "கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' முடியவே முடியாது போலிருந்தது. மகள் துவண்டு என் மடியில் கிடந்தாள். அந்தப் பெண் கீழே உட்கார்ந்து, குழந்தையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தாள். தூரத்தில் ரயில் கூவிப் போனது. அது அவளும் ஏற வேண்டிய ரயில். அவள் தலையைக் கூடத் திருப்பவில்லை.

இதற்குள் வீட்டுக்காரர் பீப்பாயைக் கடைக்குக் கொண்டு போயிருந்தார். திரும்பி வந்தபோது நானாவும் கூட வந்தார். கையில் ஒரு கிளாஸ் பால்.

"அல்லாவே, எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சா குடுப்பேனா? உடைச்சுப் பொதைக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். அதோட வந்த எல்லாத்தையும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற தெம்பு இல்லை.

பொழுது சாய்கிற நேரம். மகள் கண்ணைத் திறந்து, சுற்றுமுற்றும் பார்த்து, "ஏ வூடு எங்க?" என்று கேட்டாள். டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுத அழுகை எனக்கே புதிதாக இருந்தது.

அடுத்த ரயிலில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தோம். அவள் பட்டிப்பொல பக்கம். அவள் பேசிய தமிழும் நான் பேசிய சிங்களமும் சேர்ந்து கூட ஒரு முழுப் பேச்சாகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் கையெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மகள் அவள் மடியில்தான் தூங்கினாள். நானுஓயாவில் நாங்கள் இறங்கியதும், அவள் தன் மூங்கில் கூடைகளில் பெரியதாக ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

"குப்பைக்கு இது போதும், நங்கி. காத்து போகும்."

"அக்கே" என்று அவள் மொழியிலேயே அக்கா முறை சொன்னேன் நான். கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ரயில் நகர்ந்து பனிக்குள் போய்விட்டது. பேரைக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு நாங்கள் எத்தனையோ முறை அந்தப் பக்கம் போய் விசாரித்தும் அவளைப் பார்க்க முடியவில்லை.

கூடையை ஒரு முளையில் கட்டி, பொந்துகளில் காய்ந்த புல்லைச் செருகி வைத்தேன். மழை அதை இழுத்துப் போகவில்லை. தண்ணீர் வடிந்து, காற்றுப் புகுந்து, உள்ளே நன்றாக மக்கியது. பனி விழும் காலையில் அதிலிருந்து ஆவி எழும்பும். நான் குளிருக்கு அதில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நாளாக ஆகக் கூடையும் மக்கி, உள்ளிருந்த எருவோடு எருவாகப் போய்விட்டது. அடுத்ததும் மூங்கிலில்தான் வாங்கினோம்.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆனால் கடைத்தெருவிலோ ஸ்டேஷனிலோ முன்பின் தெரியாத ஒரு பிள்ளை கீழே கிடப்பதை எடுத்து வாயில் வைக்கப் போவதைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க எனக்குத் தோன்றுவதே இல்லை. அதற்கு முன்பே என் கை போய்விடுகிறது.