கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

2008-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் ஆரம்பித்து, மறுநாள் சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடிக் கடையில் முடிந்த சம்பவம் இது. நான் டூ வீலர் மெக்கானிக். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு ஸ்பானர் பிடித்தவன். எந்த மிஷினாக இருந்தாலும் என் கைக்கு அடங்கும் என்று அப்போது ஒரு நினைப்பு உண்டு.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர், பண்ருட்டியில் இருக்கும் என் மச்சான் புதிது வாங்கியபோது கழித்துக் கொடுத்தது. எழுத்து அடிக்க, படம் வரைய எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மகளும் சின்னவனும் கார் ரேஸ் விளையாட உட்கார்ந்தால் அதற்கு மூச்சு வாங்கும். வளைவு வரும்போது சின்னவன் பட்டனை அழுத்துவான். கார் அப்படியே நின்று யோசிக்கும். யோசித்து முடித்துத் திரும்பும்போது மரத்தில் மோதியிருக்கும்.

"மெமரி போதலப்பா, ராம் ஜாஸ்தி பண்ணணும். கிராபிக்ஸ் கார்டும் போடணும். படத்தையெல்லாம் அதுதான் வேகமா காட்டும்" என்றாள் மகள். ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த விஷயத்தில் எனக்கு அவள்தான் வாத்தியார்.

புது சாமான் விலையைக் கேட்டதும் நானும் கார் மாதிரியே நின்று யோசித்தேன். கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி சொன்னார்கள். அந்தத் தீபாவளிக்குப் புதுத் துணியும் வேண்டாம், பட்டாசும் வேண்டாம், அதற்கு ஒதுக்கியதில் வாங்கலாம் என்றார்கள்.

"தெருவே புதுசு கட்டிக்கிட்டு நிக்கும். நீங்க பழசோட நிப்பீங்க. அப்ப அழக் கூடாது" என்றாள் என் மனைவி.

"அழமாட்டோம்மா!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

சிதம்பரத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, கம்ப்யூட்டரின் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பொறுமையாகச் சொன்னார். யாரோ பயன்படுத்திக் கொடுத்துவிட்டுப் போன கார்டையும் ராமையும் பூட்டி, ரேஸையும் ஓட்டிக் காட்டினார். கார் பறந்தது. "பழைய சாமான்ணே. கண்ணெதிர்ல டெஸ்ட் பண்ணிக் குடுத்துட்டேன். எடுத்துட்டுப் போனா ரிட்டன் கிடையாது" என்று அப்போதே சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டி வாங்கி வந்தோம்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் திருவிழாதான். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் நானும் ஓட்டிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே கடலுக்குள் போய்விட்டேன்.

"நீ மெக்கானிக்தான்பா, டிரைவர் இல்ல" என்றான் சின்னவன்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், ஜாக்கி, காற்றடிக்கும் கம்ப்ரெசர் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அடுத்தது கம்ப்யூட்டர். மானிட்டருக்குப் பொட்டு வைத்தாயிற்று. பெட்டியைத் திறக்க ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, வெளியில மட்டும் வைப்பா!"

"வெளியில வச்சா தகரத்துக்குத்தான போய்ச் சேரும்? வேலை செய்யறதெல்லாம் உள்ள இருக்கு."

"ஷாக் அடிச்சா?"

"பிளக்கைப் புடுங்கிட்டேன், போ."

கடைக்காரர் பூட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்தானே? ராமையும் கார்டையும் அலுங்காமல் கழற்றினேன். இரண்டிலும் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு வரிசை இருந்தது. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் வேறு எங்கே கிடைக்கும்? அங்கேயே வைத்தேன். உள்ளே இருந்த குட்டி ஃபேனுக்கு ஒரு சாமந்திப் பூ. பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டினேன். ஒரு ஸ்குரூகூட மிச்சமில்லை. பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக் கூடாது என்பதால் கம்ப்யூட்டரும் ஓய்வெடுத்தது.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே பிள்ளைகள் சுவிட்சைப் போட்டார்கள். திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து விட்டு விட்டு ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அப்பா, அது அழுவுது" என்றான் சின்னவன். அவன் முகமும் அதே நிலையில்தான் இருந்தது. தீபாவளித் துணி இல்லை, பட்டாசு இல்லை, இப்போது காரும் இல்லை.

"நாம கழட்டி மாட்டுனோமேப்பா, அதனால இருக்குமா?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"நான் பூட்டினா பூட்டினதுதான். அந்த ஆளு ஒரு வாரம் ஓடற சாமானா பாத்துத் தலையில கட்டிட்டான். அதான் ரிட்டன் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சான்."

எனக்கு வந்த கோபத்தில் டிபன்கூட இறங்கவில்லை. பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.

"உடம்பு சரியில்லாத புள்ள. டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன் கடுப்பாக.

"அப்ப சரி. அஞ்சு வயசுக்குள்ள இருந்தா டிக்கெட் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச்சத்திரம் தாண்டியும், கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் மூன்று, நான்கு காலேஜ் பையன்கள் நின்றிருந்தார்கள். நல்லது, நாலு பேர் கேட்கட்டும் என்றே ஆரம்பித்தேன்.

"ஒரு வாரம்கூட ஓடலையேப்பா! தெரிஞ்சே குடுத்தியா? புள்ளைங்க தீபாவளிப் பணத்துல வாங்குன சாமான்பா இது! ஊரு விட்டு ஊரு வந்து ஏமாறதுக்கா நாங்க இருக்கோம்?"

பையன்கள் வாங்க எடுத்த சாமானைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை.

"உக்காருங்கண்ணே. மொதல்ல பாத்துருவோம்" என்று பெட்டியைத் திறந்தார்.

திறந்ததும் ஒரு சாமந்தி இதழ் மேஜையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். ராமைக் கழற்றித் திருப்பினார். தங்க வரிசை முழுவதும் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, பையன்கள் கண்ணில் படாதபடி பெட்டியை மெல்லத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணும் இல்லண்ணே. பஸ்ல அசைஞ்சதுல ராம் கொஞ்சம் நகந்துருக்கு."

மேஜை டிராயரிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து என் மகளிடம் கொடுத்தார். "பாப்பா, அந்தத் தங்கப் பல்ல மட்டும் மெதுவா தேச்சு எடு. அது வழியாத்தான் ராம் கம்ப்யூட்டர்கூடப் பேசும்" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வாய் நெறைய சந்தனம் இருந்தா எப்புடிப் பேசும்?" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

ராமைத் துடைத்து மாட்டி சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. நான் வைத்த பொட்டே சாமானைக் கொன்றுவிட்டதோ? "கார்டையும் தொடைக்கணும் அங்கிள், அதுலயும் இருக்கு" என்று மகள் ரகசியமாகச் சொன்னாள். அதையும் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி சுவிட்ச். 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். திரையில் வெளிச்சம் வந்தது!

மகள் கைதட்டினாள். கடைக்காரர் பெட்டியை மூடி, போர்வையையும் மடித்துக் கொடுத்தார். "பஸ்ல பாத்துப் போங்கண்ணே" என்றார். அவ்வளவுதான், நான் கிளம்பியிருக்கலாம். என் மானம் போகாமல் அவர் காப்பாற்றிவிட்டார். ஆனால் அந்தப் பையன்கள் இன்னும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்த சாமானை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

மாடிப்படி வரை போனவன் திரும்பி வந்தேன். திட்டியபோது என்ன சத்தத்தில் திட்டினேனோ, அதே சத்தத்தில் சொன்னேன்: "தம்பிங்களா, ராம் ஒண்ணும் நகரல. நான்தான் அதுக்கு ஆயுத பூஜை போட்டேன். சந்தனம், குங்குமம், பூ, எல்லாம் உள்ளேயே வச்சேன். இவரு குடுத்த சாமான் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கப்பா."

பிறகு கடையே வெடித்துச் சிரித்தது. "அண்ணே, தேங்கா ஒடைக்கலையே?" என்றான் ஒருவன். "நல்லவேளை, ஞாபகம் வரல" என்றேன். கடைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எல்லோருக்கும் டீ சொன்னார். டீ குடித்துக்கொண்டே, அந்தப் பையன்களில் ஒருவன் தான் கீழே வைத்ததை மறுபடி கையில் எடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ இனித்தது.

அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகள் பழைய துணியில்தான் நின்றார்கள். சொன்னபடி அழவில்லை; அழ நேரமும் இல்லை, ரேஸ் நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் பட்டறையில் யார் மீதாவது நாலு பேர் எதிரில் பாய்ந்துவிட்டு, அப்புறம் தப்பு என்னுடையது என்று தெரிந்தால், அவரைத் தனியாகக் கூப்பிட்டு முணுமுணுப்பதில்லை. பழி எவ்வளவு தூரம் கேட்டதோ, மன்னிப்பும் அவ்வளவு தூரம் கேட்க வேண்டும் அல்லவா?