டேங்குக்கு அடியில் வைத்த தும்பு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலருக்கு எங்கள் அக்காவிடமிருந்து ஒரு தம்ளர் தேயிலை கிடைத்திருக்கும். சிலருக்கு ஏச்சும் கிடைத்திருக்கும். இரண்டையும் சூடாகவே கொடுப்பார்கள். அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டார் சொன்னபோது மறுக்கவில்லை. எழுதியே தீர வேண்டிய காரியம் ஒன்று எனக்கு இருந்தது.

அக்கா இரணியலில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவோடு முந்திரி ஆலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். நான் படித்த லட்சணம் உங்களுக்கே தெரியும். பிறகு புதுக்கடையில் வாழ்க்கைப்பட்டார்கள். கடற்கரையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றி திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் லாரி ஒன்றை அத்தான் ஓட்டி வந்தார்கள். வண்டி அத்தானின் அண்ணன் பேரில் இருந்தது. அவரை நாங்கள் பெரியத்தான் என்போம்.

பக்கவாதம் வந்து அத்தானின் வலது கையும் பேச்சும் போனபோது பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். லாரியை விற்றுவிடச் சொல்லாத ஆளில்லை. அக்கா கேட்கவில்லை. செல்வராஜ் என்ற டிரைவரை அமர்த்தி, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை வண்டியோடு போய்வர வைத்தார்கள். தாங்களும் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து, ஒவ்வொரு உறுப்பின் பேரையும் அத்தானிடம் வந்து சொல்வார்கள். சரியாக இருந்தால் அத்தான் கண்ணை மூடித் திறப்பார்கள். அப்படித்தான் அக்கா லாரி படித்தார்கள்.

பெரியத்தானுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. என் கவனக்குறைவால் வண்டிக்கு ஏதாவது வந்தால் அன்றைக்கே விற்றுவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என்னை அவர்கள் சரியாகவே அளந்திருந்தார்கள்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட ஆறு நாள் இருக்கும்போது டீசல் டேங்க் ஒழுகத் தொடங்கியது. செல்வராஜ் வழியிலேயே பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் பெரியத்தானும் இருக்கும்போது டேங்கைக் கழற்றினோம். இறக்கிப் பார்த்தால், டேங்குக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பிடி தேங்காய்த் தும்பு கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. மேலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரையும் உப்பையும் மாதக்கணக்காகக் குடித்து வைத்திருந்தது. அது பட்டிருந்த இடமெல்லாம் துரு தின்று, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

"இத ஆரு வச்சது?" என்று பெரியத்தான் கேட்டார்கள்.

"நானாக்கும் வச்சேன்" என்றார்கள் அக்கா.

பெண்பிள்ளைக்கு லாரி சரிவராது என்று அப்போதே சொன்னேனே என்று பெரியத்தான் அத்தானைப் பார்த்துச் சொன்னார்கள். தம்பி மனைவியை அதற்குமேல் பேச அவர்களுக்கு மனம் வரவில்லை. எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி ஆக்கர் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உடைத்து இரும்பாகத்தான் விற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அத்தான் சரியென்று கண்ணை மூடித் திறக்கவில்லை.

அந்தப் பழைய வண்டிக்குப் பொருந்தும் டேங்கைத் தேடி அக்கா நாகர்கோவில் வரை அலைந்தார்கள். கிடைத்ததெல்லாம் எங்களுடையதைவிட மோசம். டீசல் இருந்த டேங்கில் நெருப்பு வைக்கமாட்டேன் என்று வெல்டர் தங்கையன் கையை விரித்தார். எப்படிச் செய்தால் வைப்பீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் அக்கா ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

டேங்கைச் சோப்புத்தூளும் கொதிநீரும் விட்டு மூன்று முறை கழுவினோம். பிறகு உள்ளே சரளைக்கல்லும் தண்ணீரும் போட்டு, முற்றத்தில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உருட்டினோம். செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. போதும் என்று நான் நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன். தெளிந்த தண்ணீர் வரும்வரை அக்கா விடவில்லை. உருட்டும்போது, அந்தப் பக்கத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார்கள்:

"மக்கா, நீ வாயத் தொறக்கப்பிடாது. வண்டிய வித்துருவாவ. வண்டி ஓடணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முப்பது வயது.

தங்கையன் டேங்கைக் கவிழ்த்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பச் செய்து, துருப்பிடித்த இடத்தை உளியால் வெட்டினார். நல்ல இரும்பு வரும்வரை வெட்டச் சொல்லி அக்கா பக்கத்திலேயே நின்றார்கள். விரல் நுழையும் ஓட்டை, இரண்டு கை அகலம் ஆனது. புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பின், கசிகிறதா என்று பார்க்க வெளியே சுண்ணாம்பு பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். ஒரு மூலையில் காசளவு ஈரம் தெரிந்தது. எம்சீல் பசை வைத்து அடைத்துவிடலாம் என்றார் செல்வராஜ். அக்கா மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கழுவத் தொடங்கினார்கள். இரண்டாம் முறை பற்றவைத்த பின், ஒரு பகல் முழுவதும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. பழைய டயரை அறுத்து எடுத்த ரப்பரைத் தாங்களே அடியில் வைத்து டேங்கை ஏற்றினார்கள்.

எஃப்.சி. கிடைத்தது. ஆனால் "தும்பு வச்ச அக்கா" என்ற பேரும் நின்றுவிட்டது. கடற்கரையில் லோடு ஏற்றுகிறவர்கள் முதல் சபையின் பெண்கள் வரை கேலி செய்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். சனிக்கிழமைதோறும் டேங்கின் அடியைக் கையால் தடவி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த வண்டி பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தது. எனக்கும் கல்யாணம் செய்து வைத்தது.

வயிற்றில் கட்டி என்று மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களிலும் வண்டி லோடுக்குப் போனதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் தும்பு விஷயத்தைப் பெரியத்தானிடம் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "இப்ப எதுக்கு? நான் போன பொறவு சொல்லிக்கோ" என்றார்கள்.

அக்காவைத் தாங்கிய செவிலியருக்கும், அடக்க ஆராதனைக்கு வந்து நின்ற சபையாருக்கும், கூலியைப் பற்றிப் பேச்செடுக்காத தங்கையனுக்கும், இன்றும் வண்டியோட்டும் செல்வராஜுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியத்தானுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். கோபத்தை மறந்து அக்காவின் பெட்டிக்கு முன்தோள் கொடுத்தவர்கள் அவர்கள்.

பெரியத்தான், உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் படியுங்கள். ரப்பர் தேய்ந்து டேங்க் தடதடவென்று ஆடியபோது, புது ரப்பர் வாங்கச் சோம்பல்பட்டு, வழியில் கிடந்த தும்பைத் திணித்துவிட்டு மறந்தவன் நான். அக்கா அதை வைக்கவில்லை. நேற்று சனிக்கிழமை டேங்கின் அடியைத் தடவிப் பார்த்தேன். விரலில் டீசல் வாசனை இல்லை.