இரண்டு ஜாடிகள்

1. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.
2. அந்த வாரமே அம்மா பழைய எண்ணெய் டின்னில் கரிசல் மண் நிரப்பி ஓமவல்லிக் கொம்பு ஒன்றை நட்டாள். பிள்ளைக்குச் சளி பிடித்தால் சாறு வேண்டுமாம்.
3. பிரசவ மருந்துச் சாமான் வாங்க நாட்டு மருந்துக் கடைக்கு நான் பட்டியல் எழுதினேன்.
4. அம்மா இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, இரண்டு ஜாடிகளில் வைத்தாள்.
5. ஆண் பிள்ளை பிறந்தது.
6. மூன்றாம் நாள் மூச்சுத் திணறி இறந்துபோனது.
7. ஐந்தாம் நாள் அக்காவுக்கு மருந்து கொடுத்தோம்.

ஏழாவதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது நான் பார்மசி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மருந்துக்கும் நோட்டில் கட்டம் போட்டிருந்தேன்: சாமான், எடை, எதற்கு. முதல் ஜாடியில் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை. பிரசவித்த வயிற்றுப் புண் ஆற. இரண்டாவதில் சுக்கோடு சதகுப்பையும் வெந்தயமும். பால் சுரக்க. ஜாடிகள் ஒரே மாதிரி. சுக்கு வாசனை இரண்டிலும் தூக்கலாக இருந்தது. மூடியில் சிவப்புப் பொட்டு வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. எது எதற்கு என்பது நோட்டில் இருந்தது. ஜாடியில் லேபிள் ஒட்டவில்லை. வீட்டு மருந்துதானே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மா அடுக்களையில் இரண்டு ஜாடிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"பொட்டு வச்சது எதுட்டி? புண்ணுக்கா, பாலுக்கா? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நோட்டப் பாத்துச் சொல்லு."

நோட்டு அலமாரியில்தான் இருந்தது. அதே பட்டியலுக்குக் கீழே, பிள்ளைக்கு உரைக்க வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் என்று எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறக்க என்னால் முடியவில்லை.

"பொட்டு வச்சது புண்ணுக்கும்மா" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"புள்ளையே இல்ல. எனக்கு எதுக்கு மருந்து?"

"பச்ச உடம்புல்லாட்டி. வயித்துக்குள்ள புண்ணு ஆற வேண்டாமா? எனக்காவத் தின்னு."

அம்மாவுக்காக இரண்டு வேளையும் தின்றாள். மறுநாள் விடியும்போது மார்பு கல்லாகிக் காய்ச்சல் கண்டிருந்தது. ஜாக்கெட் நனைந்திருந்தது. அப்போதுதான் நோட்டைத் திறந்தேன். பொட்டு வைத்தது பாலுக்கு.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ் ஸ்டாண்டுப் பூக்காரியிடம் உதிரியாகக் கேட்டேன்.

"உதிரியாவா? கட்டித் தாரேன், ரெண்டு நிமிசம். எல்லாரும் வீட்லயே கட்டிக்கிட்டா நான் எங்கன போவேன்?"

"தலைக்கு இல்ல."

"சாமிக்கா?"

"அக்காவுக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அளந்த பூவுக்கு மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

"இறுக்கிக் கட்டச் சொல்லு. வாடுனதும் மாத்தணும், என்னா."

அம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பூவை வைத்துக் கட்டினாள். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"என்னத்தம்மா குடுத்த எனக்கு?"

நான் கதவருகே நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஜாடி மாறிப்போச்சு. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

பால் வற்ற ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அக்கா அம்மாவிடம் பேசவில்லை.

மருந்து தின்னாவிட்டாலும் பிரசவித்த சில நாளில் பால் கட்டத்தான் செய்யும் என்று பிறகு பாடத்தில் படித்தேன். அது எனக்கு உதவவில்லை. பார்த்தேன் என்று சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

அக்கா இப்போது கயத்தாறில் இருக்கிறாள். அடுத்த பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மருந்தை மாமியார் கடையில் வாங்கிக் கொடுத்தார். மகளுக்கு இரண்டு வயதாகிறது. அக்கா மல்லிகை வைப்பதில்லை. அம்மா அங்கே போகும்போதெல்லாம் ஓமவல்லி இலை பறித்துக் கொண்டுபோகிறாள். அக்கா வாங்கி வைத்துக்கொள்கிறாள். பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. நான் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எந்த மருந்தையும் லேபிளை இரண்டு முறை படித்த பிறகே எடுத்துக் கொடுக்கிறேன். ஜாடியை மாற்றியது அம்மா என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.