தாய்மாமன் மடியும் தண்டுவட ஊசியும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே தனியார் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், என் இடுப்பு என் சொல்பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையை உழுது வைத்திருந்தன. பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கினால் அந்த அதிர்ச்சி இருக்கையின் வழியே ஏறி என் முதுகெலும்பின் கடைசிக் கண்ணியில் வந்து முட்டும். அங்கிருந்து வலி புறப்பட்டு, இடது தொடையின் பின்புறமாக இறங்கி, கணுக்கால் வரைக்கும் போய்ச் சேரும். இடது கால் கிளட்சை மிதிக்கும் கால். ஆகவே நான் ஒரு தடவை கியர் மாற்றினால் இரண்டு தடவை பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

அரியலூரில் வண்டி நிற்கும் இடைவேளையில் கடைசி நீள இருக்கையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். படுத்தால்தான் வலி அடங்கும். படுத்தபடி சும்மா இருக்க முடியாமல் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு இன்று நாலு வரி கோவையாக எழுத வருகிறதென்றால், அந்த நன்றியில் ஒரு பங்கு என் முதுகெலும்புக்கும் உரியது.

வைத்தியத்திற்குக் குறைவில்லை. நொச்சி இலை ஒத்தடம், வேப்பெண்ணெய், பட்டைத் துணிக் கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. எங்கள் வண்டியின் நடத்துனர் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னதாக வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே நாள்தோறும் காலையில், பேருந்து நிலையத்தில், வண்டி புறப்படுவதற்கு முன்பு நான் படிக்கட்டைப் பிடித்துக் குனிந்து நிற்பேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லி, மரியாதையோடு ஓர் உதை விடுவார். ஜன்னலோரப் பயணி ஒருவர் இதைச் சில நாள் கவனித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "இந்த வண்டிக்கு செல்ப் கெடையாதுங்க. டிரைவர ஒதைச்சாத்தான் ஸ்டார்ட் ஆவும்" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்ததால் இன்னும் வலித்தது.

இந்த நிலையில்தான் குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை, மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறி அவள் பெற்ற பிள்ளை. மாசி மாதம் அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதென்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் தரையில் மணைப்பலகை போட்டுச் சம்மணமிட்டு அமர வேண்டும். அவன் மடியில் குழந்தையை வைத்துத்தான் முடி எடுப்பார்கள், காது குத்துவார்கள். அவளுக்கு அண்ணன் நான் ஒருவன்தான்.

"எங்க, ஒரு தடவ ஒக்காந்து காட்டுங்க" என்றாள் என் மனைவி.

அமர்ந்து காட்டினேன். தங்கை குழந்தையை மடியில் வைத்தாள். அவன் என் மீசையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொம்மென்று ஒரு குதி குதித்தான். அவ்வளவுதான். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு அக்குளில் கைகொடுத்து, நெல்மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"நாற்காலியில ஒக்காந்துக்கறேனே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எங்க மாமியாகிட்ட கேட்டுட்டேண்ணே. நாற்காலியில ஒக்காந்து மொட்டையடிக்கறதுன்னா எதுக்கு கோயிலுக்கு வரணும், டவுன் சலூனுக்கே போயிடலாமேன்னு சொல்லிட்டாங்க" என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் புறப்படும்போது வாசலில் நின்று, "பங்காளி மொறை அண்ணன் வேற யாரையாச்சும் ஒக்கார வையிங்கறாங்க. ஒன் மடி இல்லாம எம் புள்ளைக்கு நான் காது குத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னை மல்லாத்திப் படுக்க வைத்து இடது காலை நீட்டியபடியே உயர்த்தினார். பாதி உயர்வதற்குள் நான் கூரையைப் பார்த்துக் கடவுளை அழைத்தேன். படம் எடுத்துப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பைத் தொடுகிறது என்றும், அதனால் நரம்பைச் சுற்றி வீக்கம் இருக்கிறது என்றும் விளக்கினார். மாத்திரை, ஓய்வு, இடுப்புப் பட்டை ஆகியவற்றையெல்லாம் பெரம்பலூரிலேயே முயன்று பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், முதுகுத் தண்டில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

"தண்டுவடத்துக்கு மேல ஒரு உறை இருக்குதுங்க. அந்த உறைக்கு வெளியில மருந்த விடுவோம். அது நரம்போட வீக்கத்த அமுக்கும். சவ்வ சரி பண்ணாது, அத தெரிஞ்சுக்கங்க. சில பேருக்கு நல்லா கேக்கும். சில பேருக்குக் கொஞ்ச நாள் கேட்டுட்டு வலி திரும்பி வரும். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது."

"கால் விளங்காம போயிடும்னு சொல்றாங்களே, சார்?"

"அது ரொம்ப ரொம்ப அபூர்வம். நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். தலைவலி வரலாம். கிருமி ஏறாம பாத்துக்கணும். சர்க்கரை இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடுவோம். அவசரமில்ல, வீட்ல கலந்துகிட்டு வாங்க."

"அவசரந்தாங்க சார். மாசியில மருமவனுக்குக் காது குத்தணும்."

"அடடே, நீங்களா குத்தப் போறீங்க?"

"குத்தறது நகை செய்யற பத்தருங்க. நான் மடி" என்றேன்.

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

வீட்டில் கலந்துகொள்வது அவர் நினைத்ததைப் போல எளிய காரியமாக இல்லை. என் மனைவி இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள். அப்போது மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போட்டார்கள். எங்கள் தெருவில் பெரும்பாலான பெண்களுக்கு அந்த ஊசி உண்டு. இடுப்பு வலியும் உண்டு. கிணற்றில் தண்ணீர் சேந்தியதால் வந்த வலி, கடலைக் கொல்லையில் குனிந்து களை எடுத்ததால் வந்த வலி, குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்ததால் வந்த வலி அனைத்தும் அந்த ஒரே ஊசியின் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தன.

"முதுவுல ஊசி போட்டதுலேர்ந்துதான் எனக்கு இடுப்பு வலியே. அதே ஊசியப் போட்டு இடுப்பு வலிய போக்கறாங்களாம். கேக்கறதுக்கு நல்லாருக்குதா இது?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான் முதுகுல ஊசியே போடலையே. எனக்கு எப்படி வலி வந்துச்சு?"

"ஒங்களுக்கு வண்டி."

"ஒனக்குத் தண்ணிக் கொடமா இருக்கக் கூடாதா?"

"கொடம் எங்கம்மா காலத்துலேர்ந்து தூக்கறதுங்க. ஊசிதான் புதுசு" என்று முடித்துவிட்டாள்.

செய்தி பேருந்து நிலையத்துக்கும் போய்விட்டது. ஊசி போட்டவருக்குக் கால் போனது என்று சொல்லாதவர் இல்லை. ஆனால், "எந்த ஊருங்க அவர்?" என்று கேட்டால், அவர் எப்போதும் அடுத்த ஊரில்தான் இருந்தார். பெரம்பலூரில் கேட்டால் ஜெயங்கொண்டத்துக்காரர் என்றார்கள். ஜெயங்கொண்டத்துக்காரரிடம் கேட்டால் அரும்பாவூரில் ஒருவர் என்றார்.

இருந்தாலும் பயம் பயம்தான். கால் போனால் என் பிழைப்பே போகும். ஊசி வேண்டாமென்று விட்டால் தங்கையின் முகத்தில் விழிக்க முடியாது. பின் இருக்கையில் படுத்தபடி, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல நாள் யோசித்தேன். கடைசியில் என் மனத்தைத் திருப்பியது ஒரு சிறு விஷயம். எனக்கு அதுவரை வைத்தியம் பார்த்த ஒவ்வொருவரும் நிச்சயமாகக் குணமாகும் என்று அடித்துச் சொன்னார்கள். எண்ணெய் கொடுத்தவர் சொன்னார், பட்டைத் துணி கட்டியவர் சொன்னார், என்னை உதைத்த நடத்துனரும் சொன்னார். கேட்காமலும் போகலாம் என்று சொன்னவர் அந்த மருத்துவர் ஒருவர்தான். தன் மருந்தின் குறையைத் தானே எடுத்துச் சொன்னவரிடம் முதுகைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஊசி போடும் நாளில் மனைவியும் கூட வந்தாள். நேராக மருத்துவரிடம் போய், "இது எனக்குப் போட்ட ஊசிதானுங்களே?" என்று கேட்டாள். அது உணர்ச்சியை நிறுத்தும் மருந்து, இது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை.

என்னைக் குப்புறப் படுக்க வைத்து, வாலெலும்புக்குச் சற்று மேலே முதலில் மரத்துப்போக ஓர் ஊசியும் பிறகு பெரிய ஊசியும் போட்டார்கள். வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது. வழக்கமாக வலி இறங்குகிற அதே தடத்தில் ஏதோ ஒரு கனம் மெல்ல இறங்கியது. சற்று நேரம் படுக்க வைத்திருந்து எழுப்பினார்கள். நான் வெளியே வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். "நடங்க பாப்போம்" என்றாள். நடந்தேன். "திரும்பி வாங்க." வந்தேன். "முதுவுன்னாங்க, கடசியில அங்க போய் போட்டிருக்காங்களே" என்று முணுமுணுத்தபடி பையை எடுத்துக்கொண்டாள்.

முதல் சில நாள் எந்த மாற்றமும் இல்லை. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது. எனக்குக் கேட்காத கூட்டத்தில்தான் இடம் போலும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் காலையில், அரியலூர் நெருங்கும் சமயம், நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ஏன் தம்பி?"

"பெரிய பள்ளம் தாண்டிட்டமே. நீங்க சத்தமே போடலையே!"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த பள்ளத்தை நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். அந்தச் சாலையில் பள்ளத்தை ஆவலோடு எதிர்பார்த்த ஓட்டுநர் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

மாசியும் வந்தது. கோயில் வேப்பமரத்தடியில் மணை போட்டார்கள். மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி முதுகை நிமிர்த்திச் சம்மணமிட்டு அமர்ந்தேன். தங்கை பிள்ளையை என் மடியில் வைத்தாள். கத்தி தலையில் பட்டதும் அவன் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. முடி எடுத்து, குளிப்பாட்டி, மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு மீண்டும் மடிக்குக் கொண்டுவந்தார்கள். எதிரே பத்தர் சம்மணமிட்டு அமர்ந்து, வலக் காது, இடக் காது என்று கண் மூடித் திறப்பதற்குள் குத்தி முடித்தார். அத்தனை நேரமும் என் இடுப்பு, அது என்னுடையதுதானா என்று ஐயுறும் அளவுக்கு, அமைதியாக இருந்தது.

தங்கை பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் எழ முயன்றேன். எழ முடியவில்லை. இடது கால் இருக்கிற இடத்தில் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

"கால் வரல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஐயோ, நான் அப்பவே சொன்னேனே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசி கால இழுத்துடுச்சு" என்று கூட்டத்தில் ஒரு குரல். "திருச்சிக்கு வண்டி பாருங்கடா" என்று இன்னொரு குரல். தங்கையின் மாமியார், "நாற்காலியே போட்டிருக்கலாம்" என்று புலம்பினார். விருந்துக்கு வந்திருந்த நடத்துனர் செருப்பைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். உண்மையைச் சொல்வதானால், நானும் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். கால் போனதாகச் சொன்ன அந்த அரும்பாவூர்க்காரரின் முகமே தெரியாது. ஆனாலும் அவரை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எதிர் மணையிலிருந்து ஓர் எரிச்சலான குரல் வந்தது. "யாராச்சும் எனக்கும் ஒரு கை குடுங்கப்பா." பத்தர் தம் தொடையை இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார். "எனக்குந்தான் காலு மரத்துப்போச்சு. இம்மாம் நேரம் சப்பணம் போட்டு ஒக்காந்தா யாருக்குத்தான் மரக்காது? எனக்கு எவன் ஊசி போட்டான்?"

எல்லோரும் பத்தர் பக்கம் திரும்பினார்கள். அதற்குள் என் காலில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு ஏறத் தொடங்கியது. முதலில் இடது கால், பிறகு வலது காலும். வலது காலும் மரத்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மரத்தைப் பிடித்து எழுந்து, இரண்டு தப்படி நொண்டி, மூன்றாவது தப்படி ஒழுங்காக வைத்தேன். சிரிப்பு வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. தங்கை மட்டும் சிரிக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை மறுபடி என்னிடம் நீட்டினாள். அழுது ஓய்ந்து விம்மிக்கொண்டிருந்த அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலை வலம் வந்தேன். பின் பக்கச் சுவரைத் தாண்டும்போது அவன் தூங்கிவிட்டான்.

ஊசியின் பலன் அடுத்த மழைக்காலம் வரை நின்றது. பிறகு வலி எட்டிப் பார்த்தது. ஆனால் பழைய மூர்க்கம் இல்லை. அந்த இடைவெளியில் மருத்துவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகள் எனக்குப் பழகியிருந்தன. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவரே அப்படிச் சொல்லவில்லை.

காது குத்திய அன்று பந்தியில் இலை போட்டுக் காத்திருந்தபோது, என் மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தபடி, யாருக்கும் கேட்காத குரலில், "ஏங்க, அந்த டாக்டரு பொம்பளைங்களையும் பாப்பாருங்களா?" என்றாள்.

"பாப்பாரு. ஊசி வேணுமா வேணாமான்னு அவருதான் சொல்லணும்."

"ஊசியெல்லாம் வேணாம். சும்மா, என்னன்னு கேட்டுகிட்டு வரலாம்னுதான்" என்றவள், பரிமாறுகிறவர் வருவதைப் பார்த்ததும் குரலை உயர்த்தி, "இவருக்கு அப்பளம் ரெண்டு போடுங்க, காலையிலேர்ந்து ஒக்காந்தே இருந்திருக்காரு" என்றாள்.