பீரோவின் இன்னொரு முனை

அந்த மெஷினை வாங்கியதே டிவியை அவளுக்கு விட்டுக்கொடுப்பதற்காகத்தான். மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு ஹால், ஒரு டிவி, ஒரு சோபா. வேலை முடிந்து வந்ததும் என் மனைவிக்குச் சமையல் போட்டி பார்த்தாக வேண்டும், எனக்கு கேம் விளையாடியாக வேண்டும். ஆளுக்கொரு அறையில் உட்காருவதற்கா கல்யாணம் செய்துகொண்டோம் என்று ஒருநாள் அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். கையில் பிடித்து விளையாடுகிற ஒரு கேமிங் பிசியை வாங்கினேன். டிபன் பாக்ஸ் மூடி அளவுக்குத் திரை, அதற்கு இரண்டு பக்கமும் பட்டன்கள், உள்ளே முழு கம்ப்யூட்டர். அவள் காலை நீட்டி என் மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பாள். அவள் முழங்கால்மேல் மெஷினைச் சாய்த்து நான் விளையாடுவேன். சூடு ஏறிவிட்டால் காலை உதறுவாள்.

நாளாக ஆக, யார் வெங்காயத்தை நன்றாக நறுக்கினார்கள் என்பதைவிட என் கையில் என்ன நடக்கிறது என்பதில் அவளுக்கு ஆர்வம் வந்தது. எட்டிப் பார்ப்பாள், இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்பாள். சரி என்று ஒரு டாக் வாங்கினேன். டாக் என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். மெஷினை அதில் சொருகினால் படம் டிவிக்குப் போய்விடும். கூடவே இரண்டு கன்ட்ரோலர்கள், அவளுக்குச் சிவப்பு, எனக்குக் கறுப்பு. இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கேம் ஒன்றை அவளே தேடிப் பிடித்துத் தன் ஆன்லைன் கணக்கில் வாங்கினாள். அந்தக் கணக்கில் எந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சுத்தப் பைத்தியக்கார விளையாட்டு. மலைமேல் ஒரு வீடு இருக்கிறது. கீழேயிருந்து ஒரு மர பீரோவை இரண்டு பேர் அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முனை எனக்கு, இன்னொரு முனை அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். ஒருவர் கொஞ்சம் அசந்தாலும் பீரோ படிக்கட்டில் உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும். நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் வாடா போடா எங்களுக்குப் புதிதில்லை. என் அம்மா எதிரில் மட்டும் 'என்னங்க' என்று மாறிக்கொள்வாள். அந்த பீரோவைத் தூக்கும்போது அவள் வாயில் வந்த வார்த்தைகளை அம்மா கேட்டிருந்தால் அத்தோடு முடிந்தது. "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்று எண்ணுவது அவள் வேலை. ரெண்டிலேயே தூக்கிவிடுவது என் வேலை.

பாதி மலை ஏறியிருந்தோம். அவள் கம்பெனியில் அவளை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

ஆறு மாதம் என்றார்கள், ஆறு மாதம் ஒரு வருடமானது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எனக்கு வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட முடியாது. கிளம்பும்போது அவள் இரண்டு விஷயம் சொன்னாள். என் பழைய போனில் இந்திய சிம்மைப் போட்டு வைத்திருக்கிறேன், ஓடிபி வந்தால் படித்துச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. நான் இல்லாமல் பீரோவைத் தொடாதே என்பது இன்னொன்று.

அதன்பின் டிவி எனக்கே எனக்கு என்று ஆனது. மெஷின் டாக்கை விட்டு இறங்கவே இல்லை. யாருக்காவது டிவியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால்தானே அதைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் ஏதோ விடுதலை கிடைத்த மாதிரிதான் இருந்தது. கார் ஓட்டினேன், டிராகன் கொன்றேன், விண்வெளியில் சுரங்கம் தோண்டினேன். ஒரு மாதத்தில் எல்லாம் சலித்துவிட்டது. டிராகனைக் கொன்றுவிட்டு ஒருவன் சோபாவின் இடது ஓரத்தைத் திரும்பிப் பார்க்கிறான் என்றால், அவன் டிராகனுக்காக விளையாடவில்லை என்றுதான் அர்த்தம்.

தினமும் பேசினோம். ஆனால் என்ன பேசினோம் என்று யோசித்தால் பாதிக்கு மேல் ஆறு இலக்க எண்கள்தான் ஞாபகம் வருகிறது. அவள் கேட்பாள், நான் பழைய போனைப் பார்த்துப் படிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். கடைசியில் எப்படி இருக்கே என்பாள். நல்லாத்தான் இருக்கேன் என்பேன். என் சுபாவம் அப்படி. தொழிற்சாலையில் ஒருமுறை விரல் நசுங்கியபோது, கட்டுப் போட்ட நர்சிடமும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். எனக்குக் கஷ்டம் என்று சொல்வது அடுத்தவர் தலையில் மூட்டையை ஏற்றுவது என்று ஒரு நினைப்பு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் வந்தாள். மீதி மலையை ஏறிவிட வேண்டும் என்று இரண்டு கன்ட்ரோலரையும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். என் ஊருக்கு நான்கு நாள், அவள் ஊருக்கு நான்கு நாள், சொந்தக்காரர்களுக்கு சாக்லேட் பங்கிட ஒரு நாள், பெட்டி கட்ட ஒரு நாள். சிவப்புக் கன்ட்ரோலர் போட்ட இடத்திலேயே கிடந்தது. அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், குளியலறைக் கொக்கியில் அவள் முடிக்குப் போடும் ரப்பர் பேண்டு ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கையில் மாட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, பீரோ கேமைத் திறந்தேன்.

தனி ஆளாக அதை விளையாட முடியாது. முடியாது என்று அதுவே எழுதிக் காட்டும். ஆனால் இரண்டாவது கன்ட்ரோலரை அழுத்துவது கையா, காலா என்று அதற்குத் தெரியாது இல்லையா. சிவப்பைத் தரையில் ஒரு தலையணைமேல் வைத்தேன். பீரோவின் பிடி நழுவாமல் இருக்க அழுத்தியே வைக்க வேண்டிய பட்டன்மேல் அந்த ரப்பர் பேண்டைச் சுற்றினேன். ஆளை நடக்கவைக்கும் குச்சியை வலது கால் கட்டை விரலால் தள்ளினேன். முதல் வாரம் ஒரு படி ஏறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பழகப் பழக வந்துவிட்டது. கைக்கும் காலுக்கும் ஒத்துவர வேண்டுமே என்று எண்ணவும் ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, தூக்கு. வாய்விட்டுத்தான்.

இதைப் பார்த்தவர் ஒரே ஒருவர், தண்ணீர் கேன் போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்துவிட்டார். கேனைத் தோளில் வைத்தபடியே டிவியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"இன்னா சார், ஆளே இல்லாம யாருக்கு எண்ணிகினு கீற?"

சும்மா என்றேன். கேனை இறக்கினார். அக்கா எப்போது வருவார்கள் என்று கேட்டார். வந்துவிடுவாள் என்றேன். வாரம் ரெண்டு கேன் போட்ட ஊடு, இப்போ ஒண்ணே மிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே காலி கேனை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னாள். அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் அடுத்த மாதமே திரும்பி வந்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். வந்துவிடு என்று சொல்லத்தான் ஆசை. அவள் அந்த வேலைக்கு எவ்வளவு உழைத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்காக அதை விட்டுவிட்டு வந்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று நினைத்தேன். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைப்பு வேறு. அவள் சரி என்றாள். பிறகு ஓடிபி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் விளையாடிக்கொண்டிருந்தேன். மலையில் கடைசி வளைவு. திடீரென்று படம் நின்று, இந்தக் கணக்கு வேறு கம்ப்யூட்டரில் பயன்படுத்தப்படுகிறது என்று டிவி சொல்லி, கேம் தானாக மூடிக்கொண்டது. அவள் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன். அவள்தான் அது என்று தோன்றவே இல்லை. அவள் அங்கே கேம் எதுவும் விளையாடுவதில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பாஸ்வேர்டை மாற்றினேன். ஓடிபி வருகிற பழைய போன்தான் என் பக்கத்திலேயே இருக்கிறதே. ஒரே நிமிடத்தில் திருடனை வெளியே தள்ளிவிட்டேன். பெரிய சாமர்த்தியம் செய்ததுபோல் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாவது நிமிடம் திருடன் வீடியோ காலில் வந்தாள். அங்கே காலை பத்து மணி. தலைகூட வாரவில்லை.

பாஸ்வேர்டை ஏன் மாற்றினாய் என்றாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள், தன் கணக்கில் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு வாரத்தில் இருபது மணி நேரம் விளையாடியிருக்கிறது. பாலம் தாண்டியாகிவிட்டது, கோயில் படிக்கட்டு தாண்டியாகிவிட்டது, ஆட்டுமந்தையும் தாண்டியாகிவிட்டது. அவள் பேசும்போது குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அது ரெண்டு பேர் வெளையாடுற கேம். ரெண்டாவது யாரு?"

ஆபீஸ் நண்பன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வருகிற அளவுக்கு எனக்கு யாருமில்லை என்பது அவளுக்குத் தெரியும். கேன் போடுகிறவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் சந்தேகப்படுவதில் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவள் நினைப்பதைவிட, யாருமே இல்லை என்று அவளுக்குத் தெரிவது எனக்குக் கேவலமாகப் பட்டது. எப்பேர்ப்பட்ட மடத்தனம் பாருங்கள்.

வேறு வழியில்லை. போனை டிவி ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். தலையணையை இழுத்துப் போட்டுச் சிவப்பை அதன்மேல் வைத்து, கால் விரலைக் குச்சியில் வைத்தேன். கேமைத் திறந்தேன். ஒண்ணு, ரெண்டு, தூக்கு என்று எண்ணினேன். பீரோ எழுந்தது. நான்கு படி ஏறியது.

முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லூரி கேண்டீனில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அது என் ரப்பர் பேண்டுதானே?"

ஆமாம் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள். தீபாவளியிலிருந்து என்றேன். ஏன் சொல்லவில்லை என்றாள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றேன். நீ எதற்குத் திறந்தாய் என்று நான் கேட்டேன். சும்மா என்றாள். அப்புறம், நாம் கடைசியாக வைத்த இடத்தில் பீரோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன் என்றாள். வாரா வாரம் பார்க்க வேண்டும் என்று நினைப்பாளாம், பார்த்தால் அழுகை வரும் என்று விட்டுவிடுவாளாம். அவளும் எத்தனையோ மாதமாக நல்லாத்தான் இருக்கேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

கால் இன்னும் சிவப்பின்மேலேயே இருந்தது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. விரலை எடுத்து, ரப்பர் பேண்டையும் கழற்றினேன். டிவியில் பீரோ அடிவாரம் வரை உருண்டு போகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷம் வேணாம்டி. வந்துடு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமையே கையெழுத்து போட்டுட்டேன்டா. வீட்ல என்ன சொல்றாங்கன்னு அவங்க கேட்டாங்க. அவர் நல்லாத்தான் இருக்கார்னு சொன்னேன்."

போட்டது போட்டதுதான் என்றாள், இனி திருப்பி வாங்க முடியாதாம். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. புதுப் பாஸ்வேர்டைக் கேட்டாள், சொன்னேன். உள்ளே நுழைய ஓடிபி கேட்கிறது என்றாள். பழைய போனை எடுத்துப் படித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு எண் மாறியிருந்தது. மறுபடியும் படித்தேன்.

இப்போதெல்லாம் எப்படி இருக்கே என்று அவள் கேட்டால், நல்லா இல்லை என்று சொல்கிறேன். அவளும் அதையே சொல்கிறாள். இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது.