பரீட்சை நாளில் நீட்டிய பாவு

கமலக்கண்ணன் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒற்றைத் தறியில் தொடங்கிப் பதினெட்டுத் தறி வைத்தது அவருடைய கை உழைப்பு; ஆரணியில் வேறு எவனாவது செய்து காட்டட்டும். பேங்க் கடிதமோ ரேஷன் கார்டு சமாசாரமோ, தெருவே அவர் வாசலில்தான் வந்து நிற்கும். எழுத்துக் கூட்டியாவது படித்துச் சொல்லிவிடுவார். முப்பது வருஷ மரியாதை அது.

இப்போது எல்லாரும் பாஞ்சாலையிடம் போகிறார்கள். அவரிடமே இருபது வருஷமாகக் கூலிக்கு நூல் சுற்றுகிறவள், போன வருஷம் வரை கைநாட்டு. ஆறு மாதம் முதியோர் வகுப்புக்குப் போனாள். செல்போன் மெசேஜை மூச்சு விடாமல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வேறு. சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டால் தன் வாசலை ஈ காக்கை எட்டிப் பார்க்காது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமையே ஆள் அனுப்பினார்: நாளைக்குப் பாவு நீட்டுறோம், பாஞ்சாலை கட்டாயம் வரணும்.

விடிந்ததும் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட அவளை விட்டால் ஆளில்லை. அதை அவரே ஒப்புக்கொள்வார். ஒன்பதுக்குள் முடிகிற வேலையை இழுத்தடித்தார்.

"இங்க பாரு, ஒரு இழ தொங்குது. இன்னாமே அவசரம் உனக்கு?"

"எனக்கு இன்னா அவசரம் மொதலாளி? நிதானமாவே பாக்கலாம்."

மணி பத்தைத் தாண்டியது. இனி அவளைப் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்று மனம் குளிர்ந்துபோய் எல்லாருக்கும் தன் செலவில் டீ சொன்னார்.

பதினொன்றரைக்குப் பாவைச் சுருட்டியதும் பாஞ்சாலை கை கழுவிக்கொண்டு, சுருக்குப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பரீட்சைக்குத்தாங்க."

"பத்து மணிக்கே கேட்டை சாத்தியிருப்பாங்களே!"

"அது பசங்களுக்குங்க. எங்கள மாதிரி கூலிக்காரங்க அஞ்சு மணி வரைக்கும் எப்ப வோணா போயி எழுதலாம்."

வாசலில் நின்ற அவர் மனைவி அபிதகுசாம்பாள் சிரித்துவிட்டாள். "டீ வேற வாங்கிக் குடுத்து அனுப்பி வெக்கிறாரு பாரு!"

அவர் முகம் கறுத்தது. "எத்தினி மார்க்குக்கு?"

"நூத்தம்பதுக்குங்க."

நூற்றைம்பது! அவருக்கு எந்த வாத்தியாரும் நூறு மார்க்குக்கு மேல் பரீட்சை வைத்ததே இல்லை.

"எழுதிட்டு நேரா இங்க வா. கேள்வித்தாள நான் பாக்கணும், சரியா எழுதிகினியான்னு."

"கொண்டாறேங்க மொதலாளி," என்றாள் பாஞ்சாலை. "சின்னச் சின்ன எழுத்தா இருக்கும். நானே படிச்சுக் காட்டுறேன்."